வற்றாத செடியா, பல்லாண்டுச் செடியா?

விதை வாங்கலாம் என்று ஓர் ஆன்லைன் கடையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ‘வற்றாத அலங்காரச் செடிகள்’ என்று ஒரு பிரிவு. வற்றாத ஆறு தெரியும், வற்றாத கிணறும் தெரியும். அதென்ன வற்றாத செடி? உள்ளே போய்ப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பல ஆண்டு வாழும் செடியைக் குறிக்கும் ‘பெரன்னியல்’ (perennial) என்ற ஆங்கிலச் சொல்லை ஏதோ மொழிபெயர்ப்பு எந்திரம் அப்படிக் கடித்துத் துப்பியிருக்கிறது. அந்தச் சொல் ஆற்றுக்கும் வரும்: தாமிரபரணி மாதிரி, ஆண்டு முழுவதும் நீரோடும் ஜீவநதி. எந்திரம் ஆற்றைக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றிவிட்டது.

ஆனால் சொல்லின் வேரைப் பார்த்தால் எந்திரத்தை முழுக்கத் திட்டவும் முடியாது. லத்தீனில் ‘பெர்’ என்றால் ஊடாக, நெடுக. ‘அன்னுஸ்’ என்றால் ஆண்டு. இரண்டும் சேர்ந்த ‘பெரென்னிஸ்’ என்பதற்கு ஆண்டு நெடுகிலும் நீடிப்பது என்று பொருள். ரோமர்களுக்கு அன்னா பெரென்னா என்று ஓர் ஆண்டுத் தெய்வமே இருந்தாள். மார்ச் 15ஆம் தேதி அவளுக்குத் திருவிழா. இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும், முதலில் இலை உதிராமல் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்பதைத்தான் குறித்தது. பல ஆண்டு உயிர் வாழும் செடி என்ற பொருள் அதன் பிறகு ஏறியது. ஆக, ஒரே சொல் ஆற்றுக்கு ‘ஆண்டு முழுவதும்’, செடிக்கு ‘ஆண்டுக்கு மேல் ஆண்டு’ என்று இரண்டு வேலை பார்க்கிறது. தமிழில் அந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி, ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் செய்தது. 1753இல் வெளிவந்த ‘ஸ்பீசீஸ் பிளான்டாரம்’ நூலில், செடிகளின் ஆயுளை எழுதிக்கொண்டிருக்காமல் கிரகக் குறிகளைப் போட்டுவிட்டார். ஓராண்டுச் செடிக்குச் சூரியன். ஈராண்டுச் செடிக்குச் செவ்வாய், ஏனென்றால் அது சூரியனைச் சுற்றிவர 687 நாள், ஏறத்தாழ இரண்டு ஆண்டு. பல ஆண்டு வாழும் பூண்டுகளுக்கு வியாழன், கட்டை பாய்ந்த மரஞ்செடிகளுக்குச் சனி. ஐரோப்பிய மாணவன் இதை மனப்பாடம் செய்திருப்பான். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. குரு ஒரு சுற்றுச் சுற்ற 12 வருஷம் என்பது மகாமகக் கணக்கு. சனிக்கு 30 வருஷம் என்பதை எந்தப் பாட்டியும் சொல்வாள்.

வியாழனையும் சனியையும் அவர் பிரித்ததில் ஒரு விஷயம் இருக்கிறது. மேலைத் தோட்டக்காரர்கள் ‘பெரன்னியல்’ என்று சொன்னால் பெரும்பாலும் மரத்தையோ புதரையோ நினைப்பதில்லை. குளிரில் தரைக்கு மேலே எல்லாம் காய்ந்து போய், வேரோ கிழங்கோ மண்ணுக்குள் உயிரோடு கிடந்து, வசந்தத்தில் மறுபடி முளைக்கும் மென்தண்டுச் செடிகளைத்தான் நினைக்கிறார்கள்.

‘வற்றாத’ அங்கேதான் தலைகீழாகிறது. தமிழில் செடியும் மரமும்கூட வற்றும். திருக்குறளில் வற்றல் மரம் வருகிறது. பாலை நிலத்தில் வற்றிய மரம் தளிர்க்காது என்பதுதான் அந்தக் குறளின் உவமை. ஆனால் இந்தச் செடிகளின் பிழைப்பே வற்றிப் பின் தளிர்ப்பதுதான். அவற்றைப் போய் ‘வற்றாத’ என்றால் எப்படி?

என் மாடியில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. செங்காந்தள், நம் மாநிலப் பூ; ஈழத்தில் கார்த்திகைப் பூ. மழையோடு கொடி ஏறி, இலை நுனியைச் சுருட்டி எதையாவது பற்றிக்கொண்டு பூத்துத் தள்ளியது. தை பிறந்ததும் மஞ்சளடித்து, தொட்டால் ஒடிகிற சருகாகிவிட்டது. செத்துப்போச்சு என்று மாசியில் தொட்டியைக் கவிழ்த்தேன். மண்ணுக்குள்ளே இரண்டு கை விரித்த மாதிரி வெளிர் நிறக் கிழங்கு. அதன் வடிவத்தைப் பார்த்துத்தான் கலப்பைக் கிழங்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கையின் நுனியில்தான் குருத்து. அது ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. பழைய கிழங்கு சுருங்கிவிட, புதியது அதனிடத்தில் உருண்டிருந்தது. அப்படியே புதைத்துவிட்டேன், ஆனியில் மூக்கை நீட்டியது. (கிழங்கு கடும் விஷம். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை வைப்பதற்கு முன் யோசியுங்கள்.)

சரி, தமிழில் என்னதான் சொல்வது? பள்ளிப் பாடநூலில் ‘ஒரு பருவம், இரு பருவம், பல பருவத் தாவரங்கள்’ என்று படித்திருப்போம். தப்பில்லை, ஆனால் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். உழவருக்குப் பருவம் என்றால் குறுவை, சம்பா, தாளடி; ஒரே வருஷத்தில் மூன்றும் வந்துவிடும். அந்தக் கணக்கில் ஒரு வருஷம் நின்ற செடியும் பல பருவம் கண்டதுதான். ‘நிலைத்த செடி’, ‘நீடுவாழ் செடி’ என்பவை அழகாக இருக்கின்றன, எத்தனை காலம் என்ற அளவு இல்லை. என் ஓட்டு ‘பல்லாண்டு’க்கு. பெரியாழ்வார் பாடியதிலிருந்து நமக்கு அது வாழ்த்துச் சொல். தமிழ் வேளாண் எழுத்திலும் பல்லாண்டுப் பயிர் என்று புழங்குகிறது. பல்லாண்டுச் செடி, பல்லாண்டுப் புல், பல்லாண்டு அழகுச் செடி என்று எதோடும் ஒட்டிக்கொள்ளும். அதற்கு இணையாக ஓராண்டுச் செடி, ஈராண்டுச் செடி. ‘வற்றாத’ ஆற்றோடு இருக்கட்டும், ‘பசுமை மாறா’ என்பதை இலை உதிர்க்காதவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கருத்து மட்டும் இங்கே புதிதில்லை. வாழை ஒரு தார் போட்டதும் தாய்த்தண்டு போய்விடும், பக்கக் கன்று நிற்கும். வாழையடி வாழை என்பது இதைத்தான். கரும்பை வெட்டி விட்டால், கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்பு. தோட்டத்து ஓரத்துக் கல்வாழையும் இதே கதை.

சொல் தெளிந்தாலும் செடி வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல்லாண்டு என்பது செடியின் குணம் மட்டுமல்ல, ஊரையும் பொறுத்தது. லூபின், பியோனி போன்றவை குளிர்நாட்டில் பல்லாண்டுச் செடிகள். சென்னை வெயிலில் ஒரு கோடை தாண்டாது. மாறாக, குளிர்நாட்டார் ஒரே கோடைக்கு வளர்த்துத் தூக்கிப்போடும் நித்தியகல்யாணி இங்கே சுவர் இடுக்கில்கூட வருஷக்கணக்கில் நிற்கும். பெயரிலேயே ‘நித்திய’ இருக்கிறதே. கத்தரியும் மிளகாயும்கூட வெட்டிவிட்டால் அடுத்த வருஷமும் காய்க்கக்கூடிய செடிகள்தான்.

அதனால் உறையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்ப்பதைவிட, பக்கத்து நர்சரியில் கேட்பது மேல். போன வாரம் கனகாம்பரக் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, இது பல்லாண்டுச் செடிதானே?” என்று கேட்டேன். ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சீசன் செடி இல்ல தம்பி, நிக்கிற செடி. வருஷத்துக்கு ஒருக்கா வெட்டி விடு.”