எண்ணெய் வருகிறது, மும்பைத் தண்ணீர் போகிறது

மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் படகில் போகிறவர்கள் இடது பக்கம் பார்த்தால் ஜவஹர் தீவு தெரியும். புட்சர் ஐலண்ட் என்று சொன்னால்தான் படகுக்காரருக்குப் புரியும். எண்ணெய்த் தொட்டிகளும் அவற்றையொட்டி நீளநீளமான டேங்கர் கப்பல்களும் நிற்கும். வளைகுடாவிலிருந்து வந்த கச்சா எண்ணெய் அங்கே இறங்க இறங்க, கப்பல் இலேசாகி மேலே எழும்பும். அப்படியே விட்டால் புரொப்பெல்லர் தண்ணீருக்கு வெளியே தலைகாட்டும், ஒரு காற்றடித்தால் கப்பல் நிலை தடுமாறும். அதனால் இறக்கிய எடையில் ஒரு பங்கைக் கடல்நீராக உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அதுதான் பேலஸ்ட் நீர். ஒரு லட்சம் டன் சுமக்கும் டேங்கர் என்றால் சுமார் 30,000 டன் தண்ணீர்.

சரக்கு ஒரு திசையில் வந்தால் தண்ணீர் எதிர்த்திசையில் போகும். எண்ணெயை இறக்குமதி செய்யும் மும்பை, பதிலுக்குத் தன் துறைமுகத் தண்ணீரை ஏற்றுமதி செய்துகொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீரில் மீன்முட்டை, நண்டுக்குஞ்சு, மட்டிகளின் லார்வா, பாசி, பாக்டீரியா என உறிஞ்சுகுழாயின் கம்பிவலையில் நுழையக்கூடிய எல்லாமே பயணச்சீட்டு இல்லாமல் ஏறிக்கொள்ளும். இங்கே வெற்றுக் கப்பலாக வந்து சரக்கு ஏற்றிப் போகிறவை, வேறொரு ஊர்த் துறைமுகத்தை நம் கடலில் கொட்டிவிட்டுப் போகும். மும்பைக்கு எதிர்க்கரையில் இருக்கும் நவா சேவா துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் கப்பல்களில் ஏற்றமும் இறக்கமும் ஒரே நேரத்தில் நடப்பதால் பேலஸ்ட் குறைவு. டேங்கரும், நிலக்கரி, தாதுபோல் அப்படியே கொட்டி ஏற்றும் மொத்தச் சரக்குக் கப்பலும்தான் கவலைக்குரியவை.

பெரும்பாலான உயிர்கள் இருட்டுத் தொட்டியில் செத்துப்போகும். பிழைப்பவற்றிலும் பல, புதிய ஊரின் உப்பும் சூடும் ஒத்துக்கொள்ளாமல் சாகும். எல்லாம் ஒத்துப்போய், தின்ன எதிரியும் இல்லாமல் அமைந்துவிடும் ஒன்றிரண்டுதான் ஆபத்து.

கரீபியன் கடலைச் சேர்ந்த கறுப்புக்கோட்டு மட்டி அப்படி ஒன்று. விரல்நுனி அளவுதான் இருக்கும். நன்னீருக்குப் பக்கமான தண்ணீரிலும் வாழும், கடலைவிட உப்பான தண்ணீரிலும் வாழும். பிறந்து ஒரு மாதத்திலேயே இனம் பெருக்க ஆரம்பித்துவிடும். 1960-களின் இறுதியில் விசாகப்பட்டினத்தில் தென்பட்டது, அடுத்து மும்பைக் கடற்படைத் துறைமுகத்திலும் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை போகவில்லை.

அதே மட்டி 1999 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டார்வினில் ஒரு படகுத்துறையில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆறு மாதம் முன்பு ஆராய்ந்தபோது அங்கே ஒன்றுகூட இல்லை. இப்போதோ தூண்களை மூடிக் கொத்துக்கொத்தாக அப்பிக் கிடந்தது. அரசு மூன்று படகுத்துறைகளை மூடியது. அலை ஏற்றத்தாழ்வு அதிகமுள்ள ஊர் என்பதால் அந்தத் துறைகளுக்கு மதகுக் கதவுகள் இருந்தன, அதுதான் அவர்கள் அதிர்ஷ்டம். கதவைச் சாத்திவிட்டு உள்ளே குளோரினையும் காப்பர் சல்பேட்டையும் கொட்டினார்கள். மட்டியோடு சேர்ந்து அங்கிருந்த அத்தனை உயிரும் செத்தது. செலவு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். ஆனால் ஒழிந்தது. கதவே இல்லாத மும்பைத் துறைமுகத்தில் இதை யார் செய்ய முடியும்?

நம் ஊர்ப்பக்கம் பார்க்க வேண்டுமானால் எண்ணூர். தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒரு மட்டி கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் காக்கா ஆழி. சேற்றில் புதைந்து வாழும் இறால் அதன் மேல் என்ன செய்யும்? கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குத் தொழில் போனது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை வழக்குப் போயிற்று. ஒரு முறை படர்ந்தபின் சுரண்டுவதைத் தவிர வழியில்லை, சுரண்டினால் மறுபடி வளரும். அதனால்தான் அரசுகளின் கவனமெல்லாம் வாசலில் தடுப்பதில் இருக்கிறது.

அந்த வாசல் சட்டம்தான் பேலஸ்ட் நீர் ஒப்பந்தம். 2004 பிப்ரவரியில் சர்வதேசக் கடல்சார் அமைப்பில் ஏற்கப்பட்டது. உலகச் சரக்குக் கப்பல் கொள்ளளவில் 35 சதவீதத்தை வைத்திருக்கும் 30 நாடுகள் சேர வேண்டும் என்ற நிபந்தனையால் 2017 செப்டம்பர் 8-ல்தான் நடைமுறைக்கு வந்தது. முதல் கட்ட விதி எளிமையாக இருந்தது. கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், 200 மீட்டராவது ஆழமுள்ள இடத்தில், துறைமுகத் தண்ணீரில் 95 சதவீதத்தை வெளியேற்றி நடுக்கடல் தண்ணீரை நிரப்ப வேண்டியிருந்தது. முகத்துவாரத்து உயிர் நடுக்கடலில் பிழைக்காது, நடுக்கடல் உயிர் அடுத்த துறைமுகத்தில் பிழைக்காது என்பது கணக்கு.

செய்து பார்ப்பவர்களுக்குத்தான் சங்கடம். தூத்துக்குடிக்காரர் ஒருவர், கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட். சான்றிதழ் வேலையாகக் காஞ்சூர்மார்கில் இருக்கும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு வந்திருந்தபோது கேட்டேன். "அண்ணாச்சி, பாதி டேங்க் காலியா இருக்கும்போது கடல் ஏறுச்சுன்னா கப்பல் என்ன ஆட்டம் ஆடும்னு ஆபீஸ்ல உக்காந்துருக்கவங்களுக்குத் தெரியாது" என்றார். காலிசெய்து நிரப்ப முடியாவிட்டால், தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு தண்ணீரை உள்ளே அடித்து மேலே வழியவிட வேண்டியிருந்தது. அதற்கும் கப்பல் அவ்வளவு தூரம் கடலுக்குள் போக வேண்டுமே. குஜராத்தின் காண்ட்லாவிலிருந்து கரையோரமாக மும்பைக்கு வரும் கப்பல் 200 மைலைத் தொடவே தொடாது. பாரசீக வளைகுடா முழுக்கத் தேடினாலும் 200 மீட்டர் ஆழம் கிடையாது. இதற்காகக் கப்பல் வழியை மாற்றத் தேவையில்லை என்று சட்டமே விலக்குத் தந்திருந்தது.

ஆகவே இரண்டாம் கட்டம்: தண்ணீரை மாற்றினால் போதாது, கொல்ல வேண்டும். 2024 செப்டம்பர் 8 முதல் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட எல்லாக் கப்பல்களுக்கும் இதுதான் அளவுகோல். 50 மைக்ரானும் (ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ள உயிர்கள், வெளியேற்றும் ஆயிரம் லிட்டரில் 10-க்குக் குறைவாக இருக்க வேண்டும். காலரா கிருமி 100 மில்லிலிட்டரில் ஒரு காலனி (ஆய்வகத்தில் வளர்த்தால் தெரியும் ஒரு கிருமித்திட்டு) அளவைக்கூட எட்டக் கூடாது. கேட்கக் கடுமையாகத் தெரியும். நம் டேங்கரின் 30,000 டன் தண்ணீருக்குப் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட மூன்று லட்சம் உயிர்கள் சட்டப்படியே இறங்கலாம். பூஜ்ஜியம் அல்ல நோக்கம். பரந்த துறைமுகத்தில் சிதறிப்போகும் கொஞ்சம் லார்வாக்களுக்கு இணை கிடைக்காது, குடும்பம் கட்ட முடியாது என்ற நம்பிக்கைதான் விதியின் அடிப்படை.

கொல்வதற்குப் பெரும்பாலும் இரண்டு வழி. முதலில் நுண்ணிய வடிகட்டி. பிறகு புறஊதா விளக்கு, அல்லது கடலுப்பிலேயே மின்சாரம் பாய்ச்சிக் குளோரின் தயாரிப்பது. இங்கேதான் மும்பை தன் குணத்தைக் காட்டுகிறது. அலை ஏறி இறங்கும்போது துறைமுகத் தண்ணீர் பால் கலந்த டீ நிறத்தில் சேறாக இருக்கும். வடிகட்டி அடைத்துக்கொள்ளும், பம்ப் திணறும், புறஊதா ஒளி சேற்றைத் தாண்டிப் போகாது. கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றில் வேறு வம்பு: நன்னீர் என்பதால் உப்பு இல்லை, உப்பில்லாமல் குளோரின் இல்லை. பின்பக்கத் தொட்டி ஒன்றில் கடல்நீரைத் தனியாகச் சேமித்துக்கொண்டு போகிறார்கள். 2024 மார்ச்சில் சர்வதேச அமைப்பே இறங்கிவந்து, இப்படிப்பட்ட துறைமுகங்களில் சுத்திகரிப்புக் கருவி வழியாக விடாமலே தண்ணீர் எடுக்கலாம், பிறகு நடுக்கடலில் தொட்டியைச் சுத்தம் செய்து சுத்திகரித்த நீரை நிரப்ப வேண்டும் என்று இடைக்கால வழிகாட்டல் வெளியிட்டது. நடைமுறை அறிந்த முடிவுதான். ஆனால் சோம்பேறிக் கப்பலுக்கும் அதே கதவு திறந்திருக்கிறது.

ஏறிச் சோதிக்கும் அதிகாரி என்ன பார்ப்பார்? முதலில் காகிதம்: சான்றிதழ், திட்ட ஏடு, எந்தத் தொட்டியில் எங்கே எவ்வளவு எடுத்தார்கள் என்ற பதிவேடு. பதிவேட்டில் நடுக்கடல் என்று எழுதியிருந்தால் தொட்டியின் குழாயில் கயிறு விட்டுக் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, ஒரு துளியை உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பிடிப்பார். நடுக்கடல் நீர் லிட்டருக்கு 35 கிராம் உப்பை ஒட்டிக் காட்டும். 20 காட்டினால் யாரோ பொய் எழுதியிருக்கிறார்கள். சந்தேகம் வலுத்தால், உயிருள்ள பாசியின் பச்சையம் ஒளிர்வதை அளக்கும் கையடக்கக் கருவி. அதிலும் தேறாவிட்டால்தான் ஆயிரம் லிட்டரை வலையில் வடித்து மைக்ராஸ்கோப்பில் எண்ணும் வேலை. எல்லாக் கப்பலிலும் அதைச் செய்ய எந்த நாட்டுக்கும் ஆள் கிடையாது.

இதில் மும்பைக்குப் பழைய தொடர்பு உண்டு. 2000-ல் ஐ.நா. உதவியோடு தொடங்கிய குளோபேலஸ்ட் திட்டத்தின் ஆறு மாதிரித் துறைமுகங்களில் ஒன்று மும்பை. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் இங்கே தூண்களைச் சுரண்டி, அடிச்சேற்றை அள்ளி, வலைவீசி, இருப்பவை எவை என்று கணக்கெடுத்தது. உள்ளூர்க்காரன் யாரென்று தெரிந்தால்தானே வந்தேறியை அடையாளம் காண முடியும். இவ்வளவு முன்னேற்பாடு செய்த இந்தியா, 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தும், 2017-ல் ஒப்பந்தம் அமலானபோது உறுப்பினராக இல்லை. உறுப்பு நாடு அல்லாத கொடி என்பதற்காகச் சலுகை காட்டக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்வதால், சிங்கப்பூருக்குப் போகும் இந்தியக் கப்பல் அப்போதும் கட்டுப்பட்டே தீர வேண்டியிருந்தது. சிங்கப்பூர்க் கடலைக் காக்க நம் கப்பல் கருவி வாங்கியது, நம் கடலுக்கு அப்போது அதே கட்டாயம் இருக்கவில்லை. எனக்கு இது விளங்கவே இல்லை.

பேலஸ்டைவிடப் பெரிய ஓட்டை கப்பலின் அடிப்பாகம். வண்ணம் உரிந்த இடத்திலும், உறிஞ்சுகுழாய் இடுக்குகளிலும் கொட்டலசும் மட்டியும் ஒட்டிக்கொண்டு வரும். டார்வினுக்கு அந்த மட்டியைக் கொண்டுவந்ததும் தண்ணீர்த் தொட்டியல்ல, ஒரு சிறு படகின் அடிப்பாகமாக இருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. நியூசிலாந்து 2018 முதல் அடிப்பாகச் சுத்தத்தைக் கட்டாயமாக்கியது. 2022 இறுதியில் சொகுசுக் கப்பல் ஒன்றைப் பயணிகளோடு தன் துறைமுகங்களுக்குள் விட மறுத்தது. கடைசியில் அடிலெய்ட் பக்கம் நடுக்கடலில் முக்குளிப்பவர்கள் இறங்கிச் சுரண்டினார்கள்.

உலக அளவில் இதற்கு இன்றுவரை வழிகாட்டல்தான், கட்டாயச் சட்டம் இல்லை. 2011-ல் ஒன்று, 2023-ல் திருத்தம். கட்டாயச் சட்டம் ஒன்றை எழுதத் தொடங்கவே 2025 ஏப்ரலில்தான் பச்சைக்கொடி காட்டினார்கள். அது அமலாகும்வரை, மும்பையின் தாருகானாவில் உடைபட வரும் கப்பல்கள் பல துறைமுகங்களில் சேர்த்த மட்டிகளோடு சேற்றில் ஏறிக்கொண்டுதான் இருக்கும். குறைந்தபட்சம், துறைமுகத்துக்குள் அடிப்பாகத்தைச் சுரண்டும்போது உதிர்வதை உறிஞ்சிப் பிடித்துக் கரையேற்றும் கருவியைக் கட்டாயமாக்கலாம். இதற்கு எந்தச் சர்வதேசக் கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, துறைமுக நிர்வாகத்தின் ஓர் உத்தரவு போதும்.