மீன் பெட்டிக்கு வைத்த வெல்டிங்கும் மறுக்கப்பட்ட வாரண்டியும்

மண்டபம் பக்கத்து மீன் வியாபாரி அவர். விடிவதற்குள் பாம்பனில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் வரை விற்றுவிட்டுத் திரும்புவார். புது பைக் எடுத்து ஐந்தே மாதம். ஒருநாள் வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. ஸ்கேனரை மாட்டினால், இன்ஜினை நடத்தும் சின்னக் கம்ப்யூட்டரான ஈசியூவிடமிருந்து பதிலே இல்லை. சீட்டைக் கழற்றினேன். வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸில், பின்பக்கம் நான்கு இடத்தில் புது வெல்டிங். மேலே பெயிண்ட்கூட அடிக்கவில்லை, அதற்குள் துரு ஏறியிருந்தது.

அப்போது நான் ஒரு ஷோரூம் சர்வீஸில் வாரண்டி பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினேன், வாரண்டி கிடையாது என்று மறுப்பு வந்தது. அதை அவரிடம் சொல்ல வேண்டியவனும் நான்தான். “தம்பி, நான் இன்ஜினைத் தொடவே இல்லையே. பெட்டி வைக்க ரெண்டு இரும்புதானே வச்சேன்” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வண்டி வாங்கிய நாளிலேயே யாராவது ஒருவர் அவரிடம் இதை விளக்கியிருக்கலாம். இன்று சொந்தப் பட்டறையில் உட்கார்ந்து இதை எழுதுவதற்கு அந்த மனிதர்தான் காரணம்.

வெல்டிங் வைக்கும்போது நூறு ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இரும்பில் ஓடுகிறது. எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினால் அது வந்த வழியில் திரும்பிவிடும். பட்டறையில் அவசரத்துக்கு ஸ்டாண்டிலோ சைலன்சரிலோ மாட்டுகிறார்கள். அப்போது கரண்ட் குறுக்குவழி தேடி பேரிங் வழியாக, வயரிங்கின் எர்த் வழியாகப் போகும். கார்புரேட்டர் வண்டிகள் ஓடிய காலத்தில் இதனால் பெரிய நஷ்டம் வந்ததில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின், சின்ன வண்டியில்கூடப் பெட்ரோலைத் தெளிக்கும் வேலையை ஈசியூதான் செய்கிறது. பேட்டரியைக் கழற்றாமல், ஈசியூவின் வயர் இணைப்பான கப்ளரை உருவாமல் வெல்டிங் வைப்பது அதன் உயிரோடு விளையாடுவது. நம் கரையோரத்தில் பெட்டி கட்டிப் பிழைப்பவர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவருக்குக்கூட இது சொல்லப்படுவதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

வாரண்டி என்பதை ஒரு சுவிட்ச் போலப் பலர் நினைக்கிறார்கள். ஏதாவது மாட்டினால் மொத்தமும் போச்சு என்று ஒரு கூட்டம், எதை மாட்டினாலும் ஒன்றும் ஆகாது என்று இன்னொரு கூட்டம். நான் பார்த்தவரை இரண்டும் சரியில்லை. கிளைம் வரும்போது முதலில் பார்ப்பது, கெட்டுப்போன பாகத்துக்கும் நீங்கள் மாற்றியதற்கும் தொடர்பு இருக்கிறதா என்பதைத்தான். ஃபாக் லைட் மாட்டிய ஒரு வண்டியில் முன் ஃபோர்க்கில் ஆயில் கசிந்தது. கிளைம் போட்டேன், கிடைத்தது. விளக்குக்கும் ஃபோர்க் ஆயில் சீலுக்கும் சம்பந்தமே இல்லை. அதே மாதிரி விளக்கு மாட்டிய வேறொரு வண்டியில், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெக்டிஃபயர் எரிந்தது. அது கிடைக்கவில்லை. சில கம்பெனிகளின் கையேட்டில் ‘எந்த மாற்றம் செய்தாலும்’ என்று கடுமையாகவே எழுதியிருக்கும். அதனால் உங்கள் வண்டிக்கான கையேட்டில் வாரண்டி பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். நாலைந்து பக்கம்தான்.

அந்த ரெக்டிஃபயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் அதிகம் நடப்பது அதுதான். தனுஷ்கோடி போகிறவர்கள், இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி பக்கம் ஓடுகிறவர்கள் 40 வாட் விளக்கு இரண்டு மாட்டுகிறார்கள். சேர்த்து 80 வாட், 12 வோல்ட்டில் ஆறரை ஆம்பியருக்கு மேல். 2017-லிருந்து வரும் வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. அதற்கு மேல் இந்தச் சுமையையும், வண்டிக்கு மின்சாரம் தயாரிக்கும் மேக்னட் காயில் தாங்க வேண்டும். மாட்டுகிறவர், விளக்கின் கரண்டைத் தனி வழியில் விடும் ரிலே வைப்பதில்லை, ஃபியூஸ் வைப்பதில்லை. ஹெட்லைட் வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிடுவார். வேறு ஊரில் அந்த ஜாயின்ட் இரண்டு வருடம் தாங்கலாம். நம் ஊரில் உப்புக்காற்று டேப்புக்குள் போய், செம்பு பச்சை பூத்துவிடும். பச்சை பூத்த இடத்தில் மின்தடை கூடும், சூடாகும், பக்கத்து வயரும் இளகும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடி மாதங்கள் முடிந்ததும் இப்படி வரும் வண்டிகளை வருடம் தவறாமல் பார்க்கிறேன்.

உண்மையில் கெடுத்தது உப்பும்தான். ஆனால் சீவிய வயர் கண்ணுக்குத் தெரிகிறது, காற்று தெரிவதில்லை. துருவுக்கும் உப்பரிப்புக்கும் பெரும்பாலான வாரண்டியில் இடமே கிடையாது. ஆக இரண்டு பக்கமும் கதவு அடைத்துவிடுகிறது. விளக்கு வேண்டுமென்றால் மாட்டிக்கொள்ளுங்கள், தேவை எனக்குப் புரிகிறது. தனி வயரிங் கிட், பேட்டரியிலிருந்து நேராக லைன், ரிலே, ஃபியூஸ், தண்ணீர் புகாத கப்ளர். கம்பெனி வயரில் ஒரு இடத்தில்கூடக் கத்தி படக் கூடாது. கூடுதலாகச் சில நூறு ரூபாய் ஆகும். வண்டியின் சார்ஜிங் தாங்குமா என்பதையும் மாட்டும் முன் கேளுங்கள்.

அப்புறம் சைலன்சர். சத்தத்துக்காக முழு சைலன்சரையும் மாற்றினால் அதிலுள்ள, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சேர்ந்து போய்விடுகிறது, ஆக்சிஜன் சென்சார் தப்பான கணக்குச் சொல்கிறது. எச்சரிக்கை விளக்கு எரியும், இன்ஜின் கிளைமும் சிக்கலாகும். அதைவிட எனக்குப் பயம் தருவது கூம்பு ஏர் ஃபில்டர். தனுஷ்கோடியில் காற்று அடிக்கிற நாளில் தார் ரோட்டின் மேலேயே மணல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். தரமில்லாத திறந்த ஃபில்டர் அந்தப் பொடி மணலை உள்ளே விட்டுவிடும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் கீறி, புகை வர ஆரம்பிக்கும். அப்படி ஒரு சிலிண்டரைத் திறந்தால் கோடுகள் விரலில் தட்டுப்படும். அந்தக் கிளைமை எந்தக் கம்பெனியும் ஏற்காது, ஏற்கச் சொல்லவும் எனக்கு மனம் வராது.

சட்டம் தனி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

தம்பிமார் சிலர் அமெரிக்க வீடியோவைக் காட்டி, “மாத்தினதாலதான் கெட்டுதுன்னு கம்பெனிதான் நிரூபிக்கணும்ணே” என்பார்கள். அது அந்த நாட்டின் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிய பேச்சு. இங்கே 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. வெளியே ரிப்பேர் பார்த்தார் என்பதற்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்தத் தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றது. நியாயமான வார்த்தை. ஆனால் அது கார் கம்பெனிகளின் வழக்கு, மேல்முறையீட்டுக்கும் போனது. பைக்குக்கு அதையே கேடயமாகப் பிடிக்க முடியாது.

ஷோரூமிலேயே மாட்டித் தந்தார்கள் என்பதால் கம்பெனிப் பொருள் என்று நம்பிவிடாதீர்கள். டெலிவரிக்கு முன் அவசரமாக மாட்டும் கிராஷ் கார்டு, ஹாரன், திருட்டு அலாரம் போன்றவற்றில் பாதி வெளிச்சந்தையில் வாங்கியதாக இருக்கும். பில்லில் கம்பெனி பார்ட் நம்பர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், இதை மாட்டினால் வாரண்டிக்குப் பாதிப்பில்லை என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்ன உறுதி, சொன்னவர் வேலை மாறும்வரைதான்.

மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எந்தப் பாகம், என்ன காரணம், கையேட்டில் எந்த விதி, மூன்றும் அதில் இருக்க வேண்டும். பழைய பாகத்தைப் படம் எடுத்து வையுங்கள், சர்வீஸில் தரும் ஜாப் கார்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மாற்றத்துக்கும் பழுதுக்கும் சம்பந்தமில்லை என்று நம்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம்.

பலமுறை பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் செயின், ஸ்விங் ஆர்ம், பின் பிரேக் டிரம் எல்லாவற்றின் மேலும் விழும். அதைக் கழுவுகிறேன் என்று உப்பு போர்த் தண்ணீரையே அடிக்கிறார்கள். ஒரு குடம் காவிரித் தண்ணீர் கிடைத்தால் அதை வண்டியின் பின்பாகத்துக்கு ஊற்றுங்கள், குடிக்கிற தண்ணீரை ஊற்றச் சொல்கிறானே என்று நினைத்தாலும் பரவாயில்லை. துரு பிடிக்காமல் இருக்கப் பழைய ஆயிலைப் பூசுவதும் இங்கே வழக்கம். அது ரப்பர் புஷ்ஷை ஊற வைக்கும், பிரேக் பக்கம் வழிந்தால் உயிருக்கே ஆபத்து.

அந்த மீன் வியாபாரி ஈசியூவைக் கைக்காசில்தான் மாற்றினார். எத்தனை நாள் வியாபாரம் அதில் போனது என்று நான் கேட்கவில்லை. இரண்டு வருடம் முன்பு மகனுக்கு ஒரு வண்டி எடுத்தவர், ஷோரூமிலிருந்து நேராக என் பட்டறைக்குத்தான் வந்தார். வெல்டிங் இல்லாமல், யு-போல்ட் வைத்து ரப்பர் கொடுத்து முடுக்கும் கேரியர் ஒன்றைச் செய்து கொடுத்தேன். பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு தாங்குமோ, அதற்கு மேல் பெட்டியில் ஏற்றக் கூடாது என்று மகனிடம் சொன்னேன். போன மார்கழியில் அந்த வண்டியில் ஃப்யூவல் பம்ப் நின்றுபோனது. கேரியரைப் படம் எடுத்தார்கள், போல்ட்டைப் பார்த்தார்கள், சேஸிஸைத் தடவிப் பார்த்தார்கள். நான்காம் நாள் புதுப் பம்ப் வந்தது.