உடைந்த வளையல் உதிராமல் நிற்பது எப்படி?

சண்டிகர் ராக் கார்டனுக்குப் போகிறவர்களில் பலர் அருவியைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே வெளியே வந்துவிடுகிறார்கள். கொஞ்சம் நடந்து, வரிசை வரிசையாக நிற்கும் பெண் சிலைகள் வரைக்கும் போய்ப் பாருங்கள். தூரத்தில் சரிகை வைத்த பாவாடை மாதிரித் தெரியும். கிட்டே போனால் அத்தனையும் வளையல் துண்டு. சிவப்பும் பச்சையுமாக, விரல் நகம் நீளத்தில், ஒன்றோடொன்று நெருக்கிப் பதித்தவை.

இதைச் செய்த நேக் சந்த், பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்தவர். சண்டிகருக்கு இடம்விட்டுப் பழைய கிராமங்கள் இடிக்கப்பட்டபோது மிஞ்சிய பீங்கான், ஓடு, சைக்கிள் பாகம் எல்லாவற்றையும் பொறுக்கி வந்து, 1957 வாக்கிலிருந்து அரசுக் காட்டு நிலத்தில் யாருக்கும் சொல்லாமல் கட்டிக்கொண்டிருந்தார். விஷயம் வெளியே தெரிந்தது 1970களின் நடுவில்தான். 1976இல் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

வெயிலும் மழையும் நேராகச் சிலை மேல்தான் விழுகின்றன. அப்புறம் எப்படி இத்தனை வருடம் துண்டுகள் பிடித்து நிற்கின்றன?

சிமெண்டிலிருந்து தொடங்க வேண்டும். ‘சிமெண்ட் காய்ந்துவிட்டது’ என்று சொல்கிறோம். உண்மையில் சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. அதில் உள்ள கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகளாக வளர்ந்து பின்னிக்கொள்கின்றன. பூசிய பிறகு நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். தண்ணீருக்கு அடியிலும் சிமெண்ட் கெட்டிப்படும்.

இந்த இழைகளுக்குப் பிடிமானம் வேண்டும். பீங்கான் தட்டின் பளபளப்பான பக்கத்தில் அது கிடைக்காது. உடைந்த விளிம்பு சொரசொரப்பானது, அதன் நுண்ணிய பள்ளங்களுக்குள் இழைகள் புகுந்து கவ்விக்கொள்ளும். ஆக, தட்டு உடைந்தது நல்லதாகப் போயிற்று! கண்ணாடி வளையலில் பள்ளம் கிடையாது. அங்கே உதவுவது அதன் வளைவு. பாதிக்கு மேல் ஈரச் சாந்துக்குள் அழுத்திவிட்டால், இறுகிய சிமெண்ட் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது.

ஆனால் கண்ணாடிக்கும் சிமெண்டுக்கும் உள்ளூர ஒரு பகை உண்டு. இறுகிய சிமெண்டின் துளைகளில் தேங்கும் நீர் கடும் காரத்தன்மை கொண்டது, அதன் பிஎச் 12.5க்கும் மேல். இந்தக் காரம் கண்ணாடியில் உள்ள சிலிக்காவை மெல்ல அரித்து ஒருவகைக் கூழாக மாற்றும். கூழ் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். ஜல்லிக்குப் பதில் கண்ணாடித் துண்டுகளைக் கலந்து கான்கிரீட் போட்டால் இந்த வீக்கம் உள்ளிருந்தே அதைப் பிளந்துவிடக்கூடும். சிலையில் துண்டுகள் மேல்தோலில் மட்டும் இருப்பதால் ஆபத்து குறைவு. எனக்கு மிகவும் பிடித்தது இதன் மறுபக்கம்: அதே கண்ணாடியை மாவு போல அரைத்துக் கலந்தால் வீக்கம் வராது, சிமெண்டோடு சேர்ந்து பலத்தைக் கூட்டும். பொருள் அதேதான், துகளின் அளவுதான் வேறு.

கண்ணாடியை அரிக்கும் அதே காரம், சிலைக்குள் இருக்கும் இரும்பைக் காக்கிறது. மேலே பூசிய சாந்துக்கு உள்ளே எலும்புக்கூடாக நிற்பவற்றில் பழைய சைக்கிளின் ஃபிரேமும் ஃபோர்க்கும் உண்டு. கார நீர் சூழ்ந்திருக்கும்வரை இரும்பின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் நிற்கும், துரு ஏறாது. இரும்பும் கான்கிரீட்டும் வெயிலில் ஏறக்குறைய ஒரே அளவு விரிவதும் அதிர்ஷ்டம். இல்லையென்றால் ஒவ்வொரு கோடையிலும் இரண்டும் இழுபறி நடத்தியிருக்கும்.

இந்தக் காவல் நிரந்தரமில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு துளைகள் வழியே நுழைந்து, காரத்தைச் சிறிது சிறிதாகச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றுகிறது. இந்த மாற்றம் இரும்பைத் தொட்ட நாளில் படலம் போய்விடும், துரு தொடங்கிவிடும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடம் இல்லாதபோது சிமெண்டைப் பிளந்து வெளியே வரும்.

அந்தப் பெண் சிலைகளில் ஒன்றின் மணிக்கட்டில் இதைப் பார்த்தேன். பூச்சு மெலிந்த இடம். தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், அதிலிருந்து டீக்கறை போல ஒரு பழுப்புக் கோடு. சீர்செய்ய வேண்டுமானால் தளர்ந்த சிமெண்டைத் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, நல்ல அடர்த்தியான சாந்தால் முன்னைவிடக் கனமாக மூட வேண்டும். புதுச் சாந்து மறுபடி காரத்தைக் கொண்டுவரும், இரும்பின் மேல் படலம் மறுபடி பிடிக்கும். வளையல் துண்டுகளை, சாந்து ஈரமாக இருக்கும்போதே, பாதிக்கு மேல் உள்ளே போகும்படி அழுத்திவிடலாம்.