சிவப்புக் கைப்பிடியும் கிழித்த இருக்கையும்: ரயில் பெட்டி வடிவமைப்பாளர் சொல்வது

ரயில் பெட்டி தயாரிக்கும் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன் என்று சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் மூக்கைப் பற்றியதாகத்தான் இருக்கும். அம்பு மாதிரி நீண்ட அந்த முகப்பை நீங்கள்தான் வரைகிறீர்களா என்பார்கள். முகப்பு வரைகிறவர்கள் தனியாக இருக்கிறார்கள். அதிலும் அழகுக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். ஜப்பானில் 1997இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ஷிங்கன்சென் அதிவேக ரயிலுக்கு 15 மீட்டர் நீள மூக்கு. வேகமாகச் சுரங்கத்துக்குள் நுழையும்போது காற்று அமுங்கி மறுமுனையில் வெடிச்சத்தம் எழும். அதை அடக்கத்தான் அந்த நீளம். பதிலுக்கு முதல் பெட்டியில் இருக்கைகள் குறைந்துபோயின. இந்தத் தொழிலில் ஓரிடத்தில் கொடுத்தால் இன்னோரிடத்தில் பிடுங்கிக்கொள்ளும்.

என் வேலை உட்புறத்தில்: இருக்கை, கம்பி, கதவு, விளக்கு, குப்பைத்தொட்டி. பயணிகள் எரிச்சலோடு பார்க்கும் பல விஷயங்களுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். அது தெரிந்தால் ஆபத்து வேளையில் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நின்றுகொண்டு போகும்போது பிடிக்கும் கம்பியை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய அணுகல் விதிகளின்படி அது உருண்டையாக, 30 முதல் 40 மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்க வேண்டும். பக்கத்துச் சுவரிலிருந்து 45 மில்லிமீட்டராவது விலகியிருக்க வேண்டும். குறைந்தால் விரல் முட்டிகள் சுவரில் இடிக்கும். நிறமும் பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும், பார்வை மங்கியவர்களுக்காக. "இந்த மஞ்சள் கண்ணை உறுத்துகிறது" என்று புகார் வரும். உறுத்தட்டும், அதற்காகத்தான் அந்த மஞ்சள்.

மல்லுக்கட்டு அதிகம் இருக்கையில்தான். பயணிகள் கேட்பது மெத்தென்ற இருக்கை. உள்ளே வைக்கும் சாதாரண ஃபோம் பஞ்சோ எளிதில் எரியும், கரும்புகை கக்கும். ஐரோப்பாவில் 2013இல் வெளிவந்த இஎன் 45545 தரவிதியின்படி ஒரு பொருள் எரியும்போது எவ்வளவு வெப்பம், எவ்வளவு புகை, அந்தப் புகையில் எவ்வளவு நச்சு என்று தனித்தனியாக அளக்கிறார்கள். சுரங்கத்தில் ஓடுகிற, இறங்கித் தப்ப வழி குறைந்த ரயில்களுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். கத்தியால் கிழியக்கூடிய இருக்கை என்றால், சோதனைக்கூடத்தில் முதலில் உறையைக் கிழித்துவிட்டு, கிழிசல் விழுந்த அந்த இருக்கைக்குத்தான் தீ வைப்பார்கள். மாதக்கணக்கில் இழைத்த வேலையை ஒருவர் நிதானமாகக் கீறுவதைப் பார்க்க மனசு கொஞ்சம் வலிக்கும். ஆனால் ஓடும் ரயிலிலும் உறை கிழிந்து ஃபோம் வெளியே தெரியும் இருக்கைதான் சுலபமாகப் பற்றும். ஆகவே கிழிசலைக் கண்டால் ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று புது ஆட்கள் கேட்பார்கள். 2003 பிப்ரவரி 18 அன்று தென் கொரியாவின் டேகு நகர மெட்ரோவில் ஒருவர் பெட்டிக்குள் எரியும் திரவத்தை ஊற்றித் தீ வைத்தார். 192 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் தீ வைக்கப்பட்ட ரயிலில் இருந்தவர்களே அல்ல. எதிர்த்தடத்தில் வந்து பக்கத்தில் நின்ற இன்னொரு ரயிலில் இருந்தவர்கள். இருக்கையும் உட்பலகைகளும் எரிந்து தீயைத் தாவவிட்டன, அந்த ரயிலின் கதவுகள் மூடிக்கிடந்தன. தென் கொரியாவில் பெட்டிகளின் உட்புறப் பொருட்களை மாற்றியது இதற்கு அப்புறம்தான்.

இனி சிவப்புக் கைப்பிடிக்கு வருவோம். பெட்டியில் இரண்டு வகை இருக்கலாம்: ஒன்று ஓட்டுநருக்கு ஆபத்தைத் தெரிவிப்பது, மற்றொன்று கதவைக் கையால் விடுவிப்பது. பதற்றத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இழுத்துவிடுகிறார்கள். எது எது என்று பக்கத்திலேயே படம் போட்டிருக்கும். ஏறி உட்கார்ந்ததும் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், அரை நிமிட வேலை.

"இழுத்தேன், வண்டி நிற்கவே இல்லை, கைப்பிடி பழுது" என்ற புகார் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. பழைய பெட்டிகளில் இழுத்தவுடன் பிரேக் பிடிக்கும். புதிய ரயில்கள் பலவற்றில் வண்டி நடைமேடையை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் இழுத்தால்தான் உடனே நிற்கும். தாண்டிப் போன பிறகு இழுத்தால் ஓட்டுநருக்குச் சத்தம் போகும். அவர் பிரேக்கைத் தடுத்துவைத்து, நிறுத்தத் தகுந்த இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோகலாம். தீப்பிடித்த ரயில் சுரங்கத்தின் நடுவில் நிற்பதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. அதனால்தான் தீப்பிடித்த பிறகும் ரயில் கொஞ்ச நேரம் ஓடியே ஆக வேண்டும் என்று ஐரோப்பாவில் தனி விதி: குட்டையான சுரங்கங்களுக்கு 4 நிமிடம், நீளமானவற்றுக்கு 15 நிமிடம். அந்த நிமிடங்களில் நீங்கள் செய்ய வேண்டியது பக்கத்துப் பெட்டிக்கு நகர்வது. அங்கிருந்து ஓட்டுநரிடம் பேசுகிற கருவியில், எந்தப் பெட்டியில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள்.

கதவை விடுவிக்கும் பிடி வண்டி நன்றாக ஓடும்போது வேலை செய்யாதபடி பூட்டியிருக்கும். நின்ற பிறகும், ஊழியர் சொல்லாமல் தண்டவாளத்தில் குதிக்காதீர்கள். பக்கத்துத் தடத்தில் இன்னொரு ரயில் வரலாம், சில மெட்ரோக்களில் தரையோடு ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் இருக்கும். தீயும் புகையும் நெருங்கி, வேறு வழியே இல்லாதபோதுதான் நீங்களாக இறங்குவது.

கதவு மூடும்போது கையையோ பையையோ நுழைத்தால் திறந்துகொள்ளும் என்று நம்புகிறார்கள். கை தடித்தது, பெரும்பாலும் உணரும். பையின் வார், துப்பட்டா, நாய்ச்சங்கிலி போன்ற மெல்லியவற்றைக் கதவின் ரப்பர் விளிம்பு உணராமல் பிடித்துக்கொள்ளலாம்; "எல்லாக் கதவும் மூடியாயிற்று" என்ற விளக்கு ஓட்டுநருக்கு எரிந்துவிடும். அப்படி மாட்டி நடைமேடையில் இழுத்துச் செல்லப்பட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. சென்சாரை இன்னும் கூர்மையாக்கினால் என்ன என்று கேட்கலாம். கூர்மையாக்கினால் நெரிசல் நேரத்தில் கோட்டு நுனி பட்டாலும் கதவு திறந்து திறந்து மூடும், ரயில் கிளம்பவே கிளம்பாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியில் நிறுத்தியிருக்கிறோம். அதில் எனக்கே முழுத் திருப்தி கிடையாது.

கடைசியாக, புகார் எழுதும்போது பெட்டி எண்ணைக் குறியுங்கள். கதவுக்கு மேலோ பெட்டிக் கடைசிச் சுவரிலோ இருக்கும். வண்டியின் பெயரும் நேரமும் மட்டும் வந்தால், அன்று எந்தப் பெட்டி ஓடியது என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். எண் இருந்தால் அந்தப் பெட்டியின் பராமரிப்பு ஏட்டைத் திறந்து, அதே கதவைப் பற்றி ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று உடனே பார்த்துவிடலாம்.