'அன்கூத்' பிழைத்தது, 'கூத்' ஏன் செத்தது?

முரட்டுத்தனமான, நாகரிகம் தெரியாத ஆளை ஆங்கிலத்தில் 'அன்கூத்' என்பார்கள். அப்போ நல்ல பண்புள்ள ஆளை 'கூத்' என்று சொல்லலாமா? சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அது சாதாரணமாகப் புழங்கிய சொல்தான் (நம்ம தெருக்கூத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). பொருள் மட்டும் வேறு: 'தெரிந்த', 'பழகிய'.

பழைய ஆங்கிலத்தில் 'குன்னன்' என்றால் அறிதல். 'முடியும்' என்கிற இன்றைய 'கேன்' (can) அதிலிருந்து வந்ததுதான். 'அறியப்பட்ட' என்று சொல்ல அந்த வினையிலிருந்து பிறந்த வடிவம் கூத். சரி, குன்னனில் இருக்கும் 'ன்' கூத்தில் எங்கே போயிற்று? உரசி வரும் 'த்', 'ஸ்' மாதிரி ஒலிகளுக்கு முன்னால் ஆங்கிலம் மூக்கொலியை விழுங்கிவிட்டு, அதற்கு முந்தைய உயிரை நீட்டிவிடும். ஜெர்மன் அப்படிச் செய்வதில்லை. அதனால்தான் அங்கே 'குன்ட்', இங்கே 'கூத்'. அங்கே வாத்து இனத்துப் பறவை 'கான்ஸ்', இங்கே 'கூஸ்'. அங்கே வாய் 'முன்ட்', இங்கே 'மவுத்'. இன்னும் பின்னால் போனால், இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் 'அறி' என்ற பொருளுள்ள வேர் ஒன்றில் போய் நிற்போம். வடமொழி 'ஞா' அதே வேர்தான், நாம் கடன் வாங்கிய 'ஞானம்' அதன் வழி வந்தது, ஆக ஞானமும் அன்கூத்தும் தூரத்துச் சொந்தம்!

பேயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் அரக்கி வாழும் ஏரிக்குப் போகும் பாதைகளை 'அன்கூத்' என்கிறான் கவிஞன். முன்பின் தெரியாத பாதை, அவ்வளவுதான், திட்டு இல்லை. தெரியாதது விசித்திரமாகப் பட்டது, 1500களில் விசித்திரம் அலங்கோலமாயிற்று, அப்புறம் அலங்கோலம் பண்பாடின்மையாயிற்று. ஊருக்குப் புதியவனைப் பார்த்து முகம் சுளிக்கிற மனித புத்தி அப்படியே தெரிகிறது பாருங்கள்.

எதிர்ச்சொல் இப்படித் தன் போக்கில் போய்விட்டதால் அதற்கு மூலச்சொல்லின் தயவு தேவைப்படவில்லை. கூத்துக்குத்தான் சிக்கல். 'கேன்' வெறும் துணைவினையாகச் சுருங்கியபோது அதன் எச்ச வடிவங்கள் உதிர்ந்தன, 'தெரிந்த' என்ற வேலையை 'நோன்' (known) எடுத்துக்கொண்டது.

1896இல் மேக்ஸ் பீர்போம் என்ற நையாண்டி எழுத்தாளர் 'பண்புள்ள' என்ற பொருளில் கூத்தை வேண்டுமென்றே தோண்டி எடுத்தார். இன்றுவரை அது கிண்டலாகத்தான் ஓடுகிறது. ஸ்காட்லாந்தில் மட்டும் அதன் வாரிசு ஒன்று 'அன்பான, இதமான' என்ற பொருளில் உயிரோடு இருக்கிறது. அதைத் தமிழில் எழுத்துக்கூட்டினால் வசவாகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.