கரண்ட் போன மூன்றாவது ராத்திரி

கரண்ட் போன முதல் நாள் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டமே வராது. வழக்கமான சளி, இருமல்கூட வீட்டோடு இருந்துவிடும். இரண்டாம் நாளும் ஏறக்குறைய அப்படித்தான். மூன்றாவது ராத்திரி கழிந்த காலையில்தான், பூண்டு மூட்டை ஏற்றுகிற பிக்கப்பில் ஆட்களைப் படுக்கவைத்துக் கூட்டிவருவார்கள். கொடைக்கானல் மேல்மலையில் 11 வருஷம் வேலை பார்த்ததில் இந்தக் கணக்கு பெரிதாகத் தப்பியதில்லை.

காரணம் இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் புயல் ஒன்று உள்ளே வந்தால் தைல மரமும் சீகை மரமும் மின்கம்பியை இழுத்துக்கொண்டு சாயும். 2018 நவம்பரில் கஜா இந்த மலை வழியாகப் போனது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று வரிசையாக இருக்கிற ஊர்களுக்கு கொடைக்கானல் போக இருப்பது ஒரே சாலை. அதில் நாலு மரம் விழுந்தால் லைன்மேனும் வர முடியாது, 108-ம் வர முடியாது. முதல் ராத்திரி மெழுகுவர்த்தியும் பேச்சுமாகப் போய்விடும். இரண்டாவது ராத்திரிக்குள் இன்வெர்ட்டர் படுத்துவிடும், செல்போன் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும். மூன்றாம் நாள் மழை விட்டு வானம் வெளுக்கும். அப்பாடா என்றிருக்கும். ஆனால் மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில்தான் நிலத்தின் சூடு முழுக்க மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்குகிறது. விடியும்போது புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாக இருக்கும். அன்றைக்குப் பார்த்துக் காய்ந்த விறகும் தீர்ந்திருக்கும், மிச்சமிருப்பது ஈர விறகு. அப்போதுதான் கரி மூட்டை அவிழ்கிறது.

அப்படி ஒரு காலையில் ஒரு குடும்பம் வந்தது. அம்மா, இரண்டு பிள்ளைகள், அப்பத்தா. சின்னவன் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தான். அம்மாவுக்குத் தலை பிளக்கிற வலி, பெரியவள் தூக்கம் கலையாதவள் போலத் தள்ளாடினாள். “ராத்திரி வச்ச முட்டைக்குழம்பு ஒத்துக்கல போல, டாக்டரம்மா” என்றார் அந்த அம்மா. நானும் அதைத்தான் நினைத்தேன். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் 98 காட்டியது. ஓஆர்எஸ் கரைக்கச் சொல்லிவிட்டேன். அப்பத்தா மட்டும் தெம்பாக உட்கார்ந்திருந்தது கண்ணில் உறுத்தியது. அவரும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டிருக்கிறார். “நீங்க எங்க படுத்தீங்க பாட்டி?” என்று கேட்டேன். “நான் அடுப்படியில படுத்தேன் தாயி. அங்க ஓட்டுச் சந்துல காத்து வரும். இதுக மூணும் உள்ரூம்ல கங்கு வச்சுக் கதவைச் சாத்திக்கிடுச்சுக.” கொத்தனார் சாந்து கலக்கிற இரும்புச் சட்டியில் கங்கு. “புகையே இல்ல, நல்லா கனிஞ்ச கரி” என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

புகை இல்லை என்பதுதான் இதில் வம்பு. புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், ஆள் எழுந்து கதவைத் திறப்பார். கனிந்த கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வெளிக்காற்றை மட்டும் சுவாசித்தால் அதில் பாதி போகவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடியில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி இறங்கிவிடும். ஆக்சிமீட்டர் விளக்குக்கு இந்த இரண்டு வாயுவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால்தான் 98. கருவி நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் ஆள் நன்றாக இல்லையென்றால் நான் இப்போது ஆளைத்தான் நம்புகிறேன்.

ஒரே அறையில் படுத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம், காய்ச்சல் மட்டும் இல்லை என்றால், சாப்பாட்டைச் சந்தேகிக்கும் முன் கங்கைச் சந்தேகியுங்கள். கதவு, ஜன்னலை விரியத் திறந்துவிட்டு ஆட்களை வெளியே இழுத்துப் போடுங்கள். தூக்கப் போகிறவர் உள்ளே நிற்கக் கூடாது, மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் வர வேண்டும். மயக்கத்தில் இருப்பவருக்குச் சுக்குக் காபி ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தெளிந்துவிட்டாலும் கூட்டி வாருங்கள். சிலருக்கு வாரங்கள் கழித்து மறதியும் தடுமாற்றமும் வருவதுண்டு. வயிற்றில் பிள்ளை இருந்தால் தாய் தெளிந்துவிட்டாள் என்று விட்டுவிடவே கூடாது. பிள்ளையின் ரத்தத்தில் அந்த வாயு இன்னும் மெதுவாகத்தான் இறங்கும்.

கங்குக்குப் பக்கத்தில் ஒரு சட்டி தண்ணீர் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆகாது. ஜன்னலை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வைப்பதையும் நம்ப முடியாது. வாசலில் வைத்துக் குளிர் காயுங்கள், படுக்கும்போது கங்கு வெளியிலேயே இருக்கட்டும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே அறையில் நெருங்கிப் படுத்தால் அதுவே நல்ல சூடு. தரையில் சாக்கு விரிக்க மறக்க வேண்டாம். ஒரு கட்டிங் போட்டால் குளிர் தெரியாது என்பார்கள். உண்மைதான், தெரியாது. தோலுக்கு ரத்தம் பாய்ந்து உடம்புச் சூடு வெளியே போய்க்கொண்டிருப்பது தெரியாது. வயதானவர்களுக்கு நடுக்கம் நின்று பேச்சு குழறினால் குளிர் விட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், அது முற்றிவிட்டது.

1998 ஜனவரியில் கிழக்குக் கனடாவில் பெய்த மழை விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறைந்து, பாரம் தாங்காமல் மின்கோபுரங்களே மடங்கின. லட்சக்கணக்கான வீடுகள் இருட்டில் கிடந்தன, சில ஊர்களில் வாரக்கணக்கில். அந்த மாதிரிப் பனிமழை நமக்கு இல்லை. ஆனால் அங்கேயும் குளிரோடு சேர்த்து ஆளைக் கொன்றது இதே வாயுதான். அங்கே ஜெனரேட்டர், இங்கே சாந்துச் சட்டி. இப்போது நம் ஊர் ஹோம்ஸ்டேக்களிலும் ஜெனரேட்டரைத் தாழ்வாரத்தில் வைத்து ஓட்டுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சண்டை போடத் தோன்றும், சில நேரம் போட்டும் இருக்கிறேன்.

இன்சுலின் போடுகிறவர்கள் ஃபிரிட்ஜ் நின்றதும் பதறி வருகிறார்கள். நம் ஊர்க் குளிரில் பெரும்பாலான இன்சுலின் வெளியிலேயே நாலு வாரம் தாங்கும். ஆனால் ஜன்னல் திட்டில் வைத்து உறைந்துபோனால், உருகினாலும் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்கள் கரண்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம், அவ்வளவுதான். எனவே கரண்ட் போன அன்றைக்கே கிளம்பிவிடுங்கள். டவர் இல்லாதபோது 108-ஐ எத்தனை தடவை அழுத்தினாலும் போகாது. வனத்துறை செக்போஸ்ட்டில் வாக்கிடாக்கி இருக்கும், ஒரு பையனை அங்கே ஓடச் சொல்லுங்கள்.

அந்தக் குடும்பம் வந்த காலையில் எங்களிடம் சிலிண்டர் நிறைய ஆக்சிஜன் இருந்தது. அதைத் திறக்கிற சாவிதான் இல்லை. எங்கள் பணியாளர் ஒருவர் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓடி, பிக்கப்புக்கு அடியில் படுத்திருந்தவரை எழுப்பி ஸ்பேனர் வாங்கிவர 20 நிமிடம் ஆனது. சின்னவன் அதுவரை என் மடியில் கிடந்தான். மதியத்துக்குள் மூன்று பேரும் தெளிந்து, அவன் பசிக்கிறது என்று அழ ஆரம்பித்தான். இப்போது எங்கள் சிலிண்டர்களின் கழுத்தில் ஆளுக்கொரு சாவி, சிவப்புக் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. அக்டோபர் வந்தால் ஒவ்வொன்றையும் நானே திருப்பிப் பார்க்கிறேன்.