‘பாடி லாங்குவேஜ்’: உடல்மொழியா, மெய்ப்பாடா?

டர்பனில் வார இறுதித் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ‘பாடி லாங்குவேஜ்’ பழகிய சொல், ‘உடல்மொழி’தான் புதிது. வீட்டிலும் ஆங்கிலம், பள்ளியிலும் ஆங்கிலம். தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் 7ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை ‘லைஃப் ஓரியன்டேஷன்’ என்று ஒரு பாடம் உண்டு. வேலை நேர்காணலுக்குத் தயாராவதுகூட அதில் வரும். அங்கே கேட்ட சொல்லைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுவந்து, “இதற்குத் தமிழில் என்ன?” என்று கேட்கிறார்கள். ‘உடல்மொழி’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகலாம். அகராதிக்கு அது போதும், வகுப்புக்குப் போதாது என்பது என் கருத்து.

ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிரித்து, பாதிக்குப் பாதி தமிழாக்கியதுதான் உடல்மொழி. எளிய சொல், சொன்னதும் புரிகிறது, பத்திரிகைகளிலும் நிலைத்துவிட்டது. அதை விரட்ட வேண்டியதில்லை. சிக்கல் எல்லாம் ‘மொழி’ என்ற பின்பாதியில் இருக்கிறது. அதுவும் ஆங்கிலத்திலிருந்தே தொற்றிக்கொண்டு வந்தது. அமெரிக்க மானிடவியலாளர் ரே பேர்ட்விஸ்டெல் 1952இல் ‘கைனெசிக்ஸ்’ என்ற துறைப்பெயரை அறிமுகப்படுத்தினார். கிரேக்கத்தில் ‘கினேசிஸ்’ என்றால் அசைவு. தமிழில் உடலசைவியல் எனலாம். மொழியில் ஒலியன் (பொருளை வேறுபடுத்தும் மிகச் சிறிய ஒலி அலகு) இருப்பதுபோல அசைவிலும் ‘கைனீம்’ என்று ஓர் அலகு உண்டு, அலகுகள் சேர்ந்து பெரிய வடிவங்கள் ஆகும் என்பது அவர் பார்வை. அப்புறம் 1970இல் அமெரிக்க எழுத்தாளர் ஜூலியஸ் ஃபாஸ்ட் ‘பாடி லாங்குவேஜ்’ என்ற தலைப்பிலேயே ஒரு நூலை வெளியிட்டார். அது விற்றுத் தள்ளியது. துறைப்பெயர் பல்கலைக்கழகத்தோடு நின்றுவிட, நூலின் தலைப்பு ஊர்வாயில் ஏறிக்கொண்டது.

மொழி என்றால் சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டும், இலக்கணம் இருக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பவருக்குக் கோபமாக இருக்கலாம். ஜூலை மாதத்துக் குளிராகவும் இருக்கலாம்; இங்கே அதுதான் குளிர்காலம். “நேற்று வரவில்லை, நாளை வருகிறேன்” என்பதை முகத்தைச் சுளித்தோ தோளைக் குலுக்கியோ சொல்லிவிட முடியாது. ஆனால் சைகைமொழியில் சொல்ல முடியும். 2023 ஜூலையில் தென்னாப்பிரிக்கச் சைகைமொழி இந்நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழியானது. சொல்வளமும் இலக்கணமும் உள்ள முழு மொழி அது. (தமிழின் பெயரும் அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் இருக்கிறது; ஆட்சிமொழியாக அல்ல, வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளில் ஒன்றாக. அதற்கே நம்மவர்கள் மார்தட்டிக்கொள்வது உண்டு.) இந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு சைகைமொழியையும் உடல்மொழியையும் ஒரே பையில் போட்டால், காது கேளாதவர்களின் மொழியை வெறும் கையசைப்பாகக் குறுக்கிவிடுவோம்.

தனிச் சைகை என்பது வேறு. ஜோகன்னஸ்பர்க்கில் சாலையோரம் நின்று சுட்டுவிரலை மேலே நீட்டினால், நகரத்துக்குப் போகும் மினிபஸ் டாக்சி நிற்கும். விரல் கீழே காட்டினால் அக்கம்பக்கம் போகவேண்டும் என்று பொருள். செய்பவர் வேண்டுமென்றே செய்கிறார், ஓட்டுநருக்கும் பொருள் தெரியும். அதையே ஒருவருக்கு மட்டும் தெரியும்படி செய்தால் சாடை, பேச்சில் ஜாடை.

நம்மை அறியாமல் உடம்பில் வெளிப்படுவதற்கு என்ன பெயர்? அதற்குத்தான் மெய்ப்பாடு. மெய் என்றால் உடம்பு. படுதல் என்றால் தோன்றுதல். உள்ளே நிகழ்வது பிறருக்குத் தெரியும்படி உடம்பில் தோன்றுவது மெய்ப்பாடு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் ஆறாவது இயல் முழுக்க இதற்கே ஒதுக்கப்பட்டது. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது. நகை எதனால் வரும்? எள்ளல் (ஏளனம்), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (மடமை). அச்சம் அணங்காலும் (வருத்தும் தெய்வம்) விலங்காலும் கள்வராலும் ‘தம் இறை’யாலும் (தம் அரசர், தலைவர்) வரும். கடைசியைப் பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியரைக் கொண்டு விளக்கினால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. சிரிப்பைப் பார்த்ததும் ‘மகிழ்ச்சி’ என்று எழுதிவிடக் கூடாது. அது எள்ளலா, ஒன்றும் புரியாத பேதைமையா என்று தேட வேண்டும். ஒரே வெளிப்பாட்டுக்குப் பின்னால் நான்கு வாசல்கள். ‘மூக்கைத் தொட்டால் பொய் சொல்கிறான்’ என்று பட்டியல் போடும் பயிற்சியாளர்கள் இந்த ஒரு நூற்பாவையாவது படிக்கலாம். இயலின் இறுதி நூற்பா இன்னும் ஒரு படி மேலே போகிறது: “கண்ணினும் செவியினும் திண்ணிதின் உணரும் உணர்வுடை மாந்தர்க்கு” அல்லாமல் இது பிடிபடாது என்கிறது. செவியையும் சேர்த்துச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். குரல் நடுங்குவதும் ஏறுவதும் இறங்குவதும் இதில் அடங்கும். ‘உடல்மொழி’ என்று சொல்லும்போது குரல் நம் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது.

பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வரும் 55, 38, 7 கணக்கையும் இங்கேயே தீர்த்துவிடலாம். செய்தியில் 55 விழுக்காடு முகமும் உடலும், 38 குரல், சொல் வெறும் 7 என்பார்கள். இந்தக் கணக்கு பிறந்த இடம், உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள். தனித்தனிச் சொற்களை வெவ்வேறு குரலில் கேட்கவைத்தும், முகப் படங்களைக் காட்டியும், பேசுபவரின் விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எப்படி ஊகிக்கிறார் என்று பார்த்தார். உணர்ச்சியையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சுக்குத்தான் இது பொருந்தும், எல்லாப் பேச்சுக்கும் அல்ல என்று அவரே எழுதியிருக்கிறார். இல்லையென்றால், ஸூலு மொழி தெரியாத ஒருவர் தொலைக்காட்சியில் ஸூலு செய்தியைப் பார்த்தே 93 விழுக்காடு புரிந்துகொள்ள வேண்டுமே!

சரி, அப்படியானால் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டிய திறனுக்கு என்ன பெயர்? குறிப்பறிதல். திருக்குறளில் இந்தத் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. அரசவைக்கும் காதலுக்கும் ஒரே தலைப்பு. “அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்” என்ற குறள் முதலாவதில் வருகிறது. இரண்டிலும் பேச்சு, பார்த்து உணர்பவரைப் பற்றியது. இன்றைய பயிற்சியோ பெரும்பாலும் செய்பவரைப் பற்றியது: நிமிர்ந்து நில், புன்னகை செய், கண்ணைப் பார்த்துப் பேசு. இது பாவனை. மேடைக்கும் நேர்காணலுக்கும் பாவனையும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் எதிரில் இருப்பவரைப் படிக்காமல் பாவனையை மட்டும் கற்றுக்கொடுத்தால் டர்பன் வகுப்பறையில் அது முதல் நாளே முறிந்துவிடும்.

காரணம், இங்கே பக்கத்து இருக்கையில் இருக்கும் பிள்ளை ஸூலு வீட்டிலிருந்து வருகிறது. மரபைக் காக்கும் ஸூலு குடும்பங்களில் பெரியவரின் கண்ணை நேருக்கு நேர் பார்ப்பது மரியாதைக் குறைவு. ‘ஹ்லோனிபா’ என்ற மரியாதை வழக்கத்தின் ஒரு பகுதி அது. பெரியவர் இருக்கும் அறைக்குள் வந்ததும் அவரைவிட உயரமாக நிற்காமல் உட்கார்ந்துவிடுவதும் மரியாதைதான். தமிழ்ப் பிள்ளை பெரியவரைக் கண்டதும் எழுந்து நிற்கும். இருவரும் ஒரே மதிப்பைத்தான் காட்டுகிறார்கள், ஒருவர் எழுந்தும் ஒருவர் அமர்ந்தும். கண்ணைப் பார்க்காத பிள்ளையை ‘எதையோ மறைக்கிறான்’ என்று தீர்ப்பெழுதும் ஆசிரியர் உடல்மொழி கற்றவராக இருக்கலாம், குறிப்பறிந்தவர் அல்ல. ஒரு பொருளை வாங்கும்போது மட்டும் இருவரும் நெருங்கி வருகிறார்கள். ஸூலு பிள்ளை வலக்கையை நீட்டி, இடக்கையால் அந்த முழங்கையருகே தொட்டுக்கொள்ளும். நம் பிள்ளை வலக்கையாலோ இரு கையாலோ வாங்கும்.

ஆகவே நான் சொல்லும் பதில் இது: பாடத்தலைப்புக்கு உடல்மொழி, தானாக வெளிப்படுவதற்கு மெய்ப்பாடு, வேண்டுமென்று செய்வதற்குச் சைகை, இவற்றைப் படித்தறியும் திறனுக்குக் குறிப்பறிதல். பயிற்சியாக ஒரு தாளை இரண்டாக மடிக்கச் சொல்வேன். இடப்பக்கம் ‘கண்டது’, வலப்பக்கம் ‘கருதியது’. ‘திமிராக இருந்தான்’ என்று இடப்பக்கம் எழுதினால் அடித்துவிடுவேன். ‘கால்மேல் கால் போட்டிருந்தான், கூப்பிட்டதும் திரும்பவில்லை’ என்று எழுதலாம். வலப்பக்கத்தில் குறைந்தது இரண்டு காரணமாவது வேண்டும்.